வேலூர்ப் புரட்சி: பேச்சுப்போட்டிக்கு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த நாளான ஜூலை 10 நெருங்கினால், திருத்தித் தரச் சொல்லிப் பாளையங்கோட்டைப் பிள்ளைகள் என்னிடம் தாள்களோடு வருவார்கள். "கொழுப்பு தடவிய தோட்டா" என்ற வரி எப்படியும் அதில் இருக்கும். அது 1857-இல் வங்காளப் படையில் நடந்தது. 1806-இல் வேலூர்ச் சிப்பாய்களை எரிய வைத்தது தலைப்பாகை.

புதிய தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்ற சந்தேகம் இந்துவையும் முஸ்லிமையும் ஒருசேர உறுத்தியது. பார்வைக்கும் அது வெள்ளைக்காரன் தொப்பி போலிருந்தது. அதை அணிந்தால் மதம் மாறியவன் என்று உறவு ஒதுக்கிவிடுமே என்று அஞ்சினார்கள்.

"திருநீறுக்குத் தடை" என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள். சீருடையில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, மோவாயை மழிக்க வேண்டும், மீசையின் அளவும் வடிவும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றது விதி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, குலதெய்வத்தின் முன் காது குத்தும் ஊர் நம்முடையது. அந்தக் கடுக்கனைக் கழற்று என்று ஒரு துரை சொன்னால் யாருக்குப் பொறுக்கும்? தாடியை மழி என்றால் முஸ்லிமுக்கும் அதே வலிதான்.

நம் ஊர் மிஷனரிகளை இதில் இழுப்பது ஆண்டுக் குழப்பம். ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்ததே 1820-இல்தான். மதத்தோடு நிறுத்துவதும் போதாது; தலைப்பாகையை எதிர்த்தவர்களுக்கு விதித்த கசையடியையும், திப்புவின் மகன்கள் அதே வேலூர்க் கோட்டையில் சிறைப்பட்டிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது, எல்லாம் வேலூரோடு முடிந்ததாக நம் பிள்ளைகளே எழுதுவதுதான். 1806 நவம்பரில் பாளையங்கோட்டைக் கோட்டை கம்பெனிப் படையின் மேஜர் வெல்ஷின் பொறுப்பில் இருந்தது. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் இருந்த அதே வெல்ஷ். தலைப்பாகை உத்தரவு அதற்குள் திரும்பப் பெறப்பட்டிருந்தது. ஆனாலும் சதி நடப்பதாக நம்பி, முஸ்லிம் சிப்பாய்களை மட்டும் பிரித்து, ஆயுதங்களைப் பறித்து, கோட்டைக்கு வெளியே அனுப்பினார். பக்கத்தில் நின்று அதே விதியின் அவமானத்தைச் சுமந்த இந்துச் சிப்பாய்கள் உள்ளேயே இருந்தார்கள். இதை ஒரே மதத்தின் கலகமாக எழுதும்போது நாமும் அந்தப் பிரிவினையைத்தான் செய்கிறோம்.

வெல்ஷ் மீது ராணுவ விசாரணை நடந்தது. கௌரவமாக விடுவித்துவிட்டார்கள். அந்த வரியையும் உங்கள் தாளில் சேருங்கள்.