இன்னும் முடிவாகாத விருதைக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதும்போது நேரும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் தங்கள் கல்விச் சிறப்புகளைக் குறிப்பிட, பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் என்ற இணைய விண்ணப்பப் படிவத்தில் ஐந்தே இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் 100 எழுத்துகளுக்குள் முடித்தாக வேண்டும். பல கல்லூரிகளின் கெடு நவம்பர் தொடக்கத்திலோ ஜனவரி தொடக்கத்திலோ வந்துவிட, பல விருதுகளின் முடிவு அதற்குப் பிறகே வெளியாகிறது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாத மாணவர்கள்கூட இந்த இடைவெளியில்தான் தவறிவிடுகிறார்கள்.

மிகுதியாக நேர்வது நேஷனல் மெரிட் என்ற தேசிய உதவித்தொகைப் போட்டி விஷயத்தில். பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி என்ற தகுதித் தேர்வை வைத்து, ஏறத்தாழ 16,000 பேர் அடுத்த ஆண்டு செப்டம்பரில் செமிஃபைனலிஸ்டுகளாக, அதாவது அரையிறுதிக்குத் தேர்வானவர்களாக, அறிவிக்கப்படுகிறார்கள். இதற்கான கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே சென்ற ஆண்டின் கட்-ஆஃபோடு தன் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, ஆகஸ்டிலேயே செமிஃபைனலிஸ்ட் என்று நிரப்பிவைப்பது வெறும் ஊகம். அடுத்த கட்டத்தில் நடப்பது இதைவிட ஆபத்தானது. செமிஃபைனலிஸ்டுகளில் 15,000 பேர் வரை ஃபைனலிஸ்ட் ஆகிவிடுவதால், எப்படியும் வரத்தானே போகிறது என்று சொல்லிப் பெற்றோரே பிள்ளையை ஃபைனலிஸ்ட் என்று எழுத வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஃபைனலிஸ்டுகளுக்குத் தகவல் கிடைப்பதே பிப்ரவரியில்தான். ஜனவரி 1-ஆம் தேதி அனுப்பிய படிவத்தில் அந்தச் சொல் இருந்தால், சேர்க்கை அலுவலர் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, தேதியே காட்டிக்கொடுத்துவிடும். செமிஃபைனலிஸ்ட் என்ற உண்மையே போதுமான பெருமையாக இருக்க, அதற்கு மேல் ஒரு படி ஏறப் போய், படிவத்தின் மற்ற வரிகள் மீதும் சந்தேகத்தை வரவழைத்துக்கொள்வது வேதனைக்குரியது.

பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடங்களுக்கு எழுதும் ஏபி தேர்வுகளிலும் (மதிப்பெண் 1 முதல் 5 வரை) இதே நிலைதான். ஏபி ஸ்காலர் வித் டிஸ்டிங்ஷன் என்ற சிறப்புக்கு, ஐந்து தேர்வுகளிலாவது 3 அல்லது அதற்கு மேல் பெற்றிருப்பதோடு, எழுதிய எல்லாத் தேர்வுகளின் சராசரியும் 3.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்றை முடித்துவிட்டு மீதியைப் பன்னிரண்டாம் வகுப்பின் மே மாதத்தில் எழுதவிருக்கும் மாணவர், மூன்றிலும் 3 பெற்றிருந்தால், அதற்குக் கீழ்ப்படியான ஏபி ஸ்காலர் என்று மட்டுமே எழுதலாம். பள்ளியின் முதல் மாணவர் என்ற பட்டமும், ஆண்டு இறுதியில் முடிவாவதாக இருந்தால், அதுவரை காத்திருக்க வேண்டியதே.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று சீல் ஆஃப் பைலிட்டரசி. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற மாணவர்களுக்காகக் கலிபோர்னியா 2011-இல் சட்டமாக்கிய இந்தச் சான்றை, வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பல ஆண்டுகள் படித்த பிள்ளைகள் தமிழைக் கொண்டே பெறுகிறார்கள். ஆனால் பொதுவாக இது பட்டமளிப்பையொட்டியே வழங்கப்படுகிறது. பதினோராம் வகுப்பிலேயே தமிழ்த் தேர்வில் தேறியிருந்தாலும், ஆங்கிலத்துக்கான நிபந்தனையும் நிறைவேற வேண்டும். எனவே சான்று பெற்றதாக எழுதாமல், அதற்கான தமிழ்த் தேர்வில் தேறியதாகவும், சான்று பட்டமளிப்பின்போது எதிர்பார்க்கப்படுவதாகவும் எழுத வேண்டும். அந்த வரியில் ஒரு சொல்லைக்கூட யாரும் மறுக்க முடியாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முடிவு எழுத்துமூலம் அறிவிக்கப்பட்டு விழா மட்டும் பாக்கியிருக்கும் விருதை, சான்றிதழ் இன்னும் கையில் இல்லையே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விருதாளர் யார் என்பது முடிவாகிவிட்டது என்றால் அதைத் தயங்காமல் குறிப்பிடலாம். முடிவே வராத போட்டிக்கு, பள்ளியோ ஆசிரியரோ பரிந்துரைத்த பெயர் என்பது மட்டுமே உண்மை. பரிந்துரைக்கப்பட்டவர் என்ற சொல்லை விடாமல் எழுத வேண்டும். ஐந்து இடங்களும் நிரம்பியிருந்தால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியதும் அத்தகைய வரியைத்தான்.

படிவத்தின் முடிவில், தந்த தகவல் அனைத்தும் உண்மை என்று மாணவர் கையொப்பமிடுகிறார். மாறாக இருந்தால் கிடைத்த இடத்தையே கல்லூரி திரும்பப் பெறலாம். ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பின் அந்தப் பிரதியைத் திருத்த முடியாது. இன்னும் அனுப்பாத கல்லூரிகளுக்கான படிவத்தில் புதிய முடிவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே அனுப்பிய இடங்களுக்கு, கூடுதல் தகவலை அந்தக் கல்லூரி ஏற்கிறதா என்று பார்த்து, விண்ணப்பதாரர் போர்ட்டல் வழியாக விருதின் பெயரும் அறிவிக்கப்பட்ட தேதியும் அடங்கிய நான்கு வரிக் கடிதம் அனுப்பினால் போதும். பள்ளிக் கவுன்சலருக்கும் உடனே சொல்லிவிட்டால், கல்வியாண்டின் நடுவில் அவர் அனுப்பும் அறிக்கையிலும் அதைக் குறிப்பிட முடியும்.