உதகை வீட்டின் திறந்த வராந்தாவுக்கு எந்த ஹீட்டர்?

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்தரையில் உறைபனி படர்வது வழக்கம். அந்தக் குளிரிலும் வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் அருந்த விரும்புவோர், ஹீட்டரின் விலையை விசாரிக்கும் முன்பு, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதை இரண்டு மூன்று மாலைகள் கவனித்துவிடுவது நல்லது.

அறைக்குள் பயன்படும் விசிறி ஹீட்டர் இங்கே வீண்செலவு; அது சூடாக்கும் காற்றை மலைக்காற்று அடுத்த நொடியே அள்ளிக்கொண்டு போய்விடும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரும் பெரும்பாலும் அப்படித்தான். வெயில் காய்வதைப் போல, இடையிலுள்ள காற்றைச் சூடாக்க முயலாமல் நேரே உடலில் படும் அகச்சிவப்புக் கதிர் ஹீட்டர்தான் திறந்தவெளிக்குப் பொருந்தும்.

அவற்றிலும் வேறுபாடு உண்டு. ஹாலஜன் குழாய் உள்ளவை போட்டவுடன் சுடும், காற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும், ஆனால் செந்நிற ஒளி கண்ணை உறுத்தும். செராமிக் தகடு உள்ளவை ஒளி வீசுவதில்லை. சூடேறச் சில நிமிடங்கள் ஆகும், காற்றடித்தால் பயன் வெகுவாகக் குறையும். எனவே காற்று மறைவான மூலைக்குச் செராமிக், மற்ற இடங்களுக்கு ஹாலஜன் என்பது என் கருத்து. 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் மின்சாரம் எடுக்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் பாய்வதால், அதற்கு எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தேவை. பழைய பங்களாக்களில் வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே வாங்க வேண்டும். ஹீட்டருக்குள் தூசியும் நீரும் புகாமல் எவ்வளவு காக்கும் என்பதைச் சொல்வது ஐபி (IP) தரம்; கூரைக்கு அடியில் மாட்டுவதற்கு ஐபி44 போதும். சாரல் நேராக அடிக்கும் இடமானால் ஐபி65 கேளுங்கள்.

காளான் குடை வடிவ கேஸ் ஹீட்டர், விடுதிகளின் புல்வெளிக்கு உரியது. 12 கிலோவாட் அளவுள்ள ஒன்று மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயுவைச் செலவிடுவதால், 19 கிலோ வணிக சிலிண்டர் இருபது மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டுச் சிலிண்டரை விடுதிக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். சிலிண்டரில் புரொப்பேனுடன் கலந்திருக்கும் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகத் தயங்கும் என்பதால், எந்த இரவில் ஹீட்டர் மிகவும் தேவைப்படுகிறதோ அந்த இரவில்தான் சுடர் மங்கும். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே படிக்கட்டுப் பள்ளத்தின் அருகே சிலிண்டரை வைக்கக் கூடாது. சாய்ந்தால் தானே அணையும் அமைப்பு இல்லாத ஹீட்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

வெப்பம் வெளியேறாமலிருக்க வராந்தாவைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டு உள்ளே கேஸ் ஹீட்டரை எரிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அடைத்த இடத்தில் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். கரி நெருப்புச் சட்டியைப் படுக்கையறைக்குள் எடுத்துச் செல்வதும் இதே ஆபத்துதான். தார்ப்பாய் கட்டியே தீர வேண்டுமென்றால் மின்சார ஹீட்டரையே, அதுவும் துணியிலிருந்து நன்கு தள்ளி, மாட்டுங்கள்.