உச்சி வெயிலில் பெட்டியை மூடாதீர்கள்: தானியங்கிப் படகில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மதுரை மாடக்குளம் கண்மாய்க் கரையில் நான்கு மாணவர்கள் தாங்கள் கட்டிய சோலார் படகைத் தண்ணீரில் இறக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லாமல் தானே கண்மாயைச் சுற்றி, எக்கோ சவுண்டரால் ஆழம் அளந்து, எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் படகு. டீசல் வேண்டாம், புகை இல்லை. நல்ல வேலை, நன்றாகவும் கட்டியிருந்தார்கள்.

பகல் ஒரு மணி. ஒரு தம்பி எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியைச் சிமென்ட் படியில் திறந்து வைத்து மெமரி கார்டை மாற்றினான். மூடியைப் போட்டு ஆறு திருகையும் இறுக்கினான். "அக்கா, ரெடி" என்றான். படகு தண்ணீரைத் தொடுவதற்குள் நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். எட்டு வருடத்துக்கு முன்பு ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபம் கடற்கரையில் நான் செய்ததை, அதே நேரத்தில், அதே அவசரத்தில் அவனும் செய்தான்.

பேட்டரியை மாற்றி மாட்டுவது, சார்ஜ் போட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதையெல்லாம் ஒருமுறை பட்டாலே மனசில் நின்றுவிடும். பட்ட பிறகும் காரணம் புரியாத தவறுகள்தான் ஆளைக் கொல்கின்றன.

சூடான பெட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்குவது

மதுரை வெயிலில் கால் மணி நேரம் கிடந்த பெட்டிக்குள் காற்று 50 டிகிரிக்கு எளிதில் போய்விடும். அந்தச் சூட்டோடு மூடி, 28 டிகிரி தண்ணீரில் இறக்குகிறோம். உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்குகிறது. கணக்குப் போட்டால் அழுத்தம் கிட்டத்தட்ட 7 விழுக்காடு குறையும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது 70 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். உங்கள் படகு மிதக்கிற படகு, பெட்டி நனைவதே ஒரு சாண் ஆழத்தில்தான். இருந்தாலும் அதன் ஒவ்வொரு ஓட்டையும் முக்கால் மீட்டர் ஆழத்தில் முக்கிப் பிடித்ததுபோலத் தண்ணீரை உறிஞ்சுகிறது.

"அக்கா, இது ஐ.பி. 67 பெட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும்" என்று தம்பி சொன்னான். நானும் அன்றைக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். அந்தத் தரத்துக்கான சோதனையின் விதியைப் படித்துப் பாருங்கள். பெட்டியின் சூட்டுக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் நாம் கொடுப்பது 20 டிகிரிக்கும் மேல்.

மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சித்திரை மாதம், பாக் விரிகுடாப் பக்கம். மணலில் உட்கார்ந்து பெட்டியை மூடி இறக்கினேன். நாற்பது நிமிடம் அழகாக ஓடியது. பிறகு ஒரே இடத்தில் வட்டமடித்து நின்றுவிட்டது. மீன்பிடிக்கப் போய்த் திரும்பிய ஒரு அண்ணன் தன் வள்ளத்தில் கட்டி இழுத்து வந்து கொடுத்தார். திறந்தால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை, நாலைந்து ஸ்பூன் இருக்கும். அது போதும், உப்புத் தண்ணீர் ஆயிற்றே. மோட்டார் கன்ட்ரோலரின் முனைகளில் பச்சையும் நீலமுமாகக் களிம்பு பூத்திருந்தது. கன்ட்ரோலர், ஜி.பி.எஸ்., சவுண்டரின் போர்டு எல்லாம் சேர்ந்து 70,000 ரூபாய்க்கு மேல் போயிற்று.

எனக்கு இன்னும் ஆறாதது அந்தப் பணம் இல்லை. ஒயர் நுழையும் இடத்தில் போடும் கிளாண்டுதான் கசிந்தது என்று நானே முடிவு கட்டி, விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். நான்கு கிளாண்டையும் மாற்றினேன். அடுத்த மாதம் அதே கடலில், அதே உச்சி வெயிலில் மூடி இறக்கினேன். மறுபடியும் தண்ணீர். பாவம், அந்த மனுஷன் மேல் எந்தத் தவறும் இல்லை.

இரண்டாவது முறை மோட்டார் ஒயரை விரலால் நீவிக்கொண்டே போனபோது கிடைத்தது. பெட்டிக்கு வெளியே இரண்டடி தள்ளி, தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில், ஒயரின் ரப்பர் தோலில் நகம் பட்டதுபோல ஒரு வெட்டு. பிளாஸ்டிக் டை கட்டிவிட்டு மிச்ச வாலைப் பிளேடால் நறுக்கியபோது பட்டிருக்கிறது. அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், செம்பு இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் இரண்டடி ஊர்ந்து, கிளாண்டைத் தொடாமலே பெட்டிக்குள் சொட்டியிருக்கிறது. கிளாண்டு ஒயரின் தோலைத்தான் இறுக்கிப் பிடிக்கும், தோலுக்குள்ளே போகிற தண்ணீரை அது என்ன செய்யும்? வெட்டு மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை ஈரத்தோடு போயிருக்கும். சுருங்கிய காற்று ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல இழுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். பெட்டியை விடிகாலையில், நிழலில் மூடுகிறேன். கரையில் திறந்தே ஆக வேண்டும் என்றால் குடைக்குக் கீழே, ஈரத்துணி போர்த்திக் குளிரவைத்து மூடுகிறேன். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு அங்குலத்துக்குத் தோலை உரித்து, இழைகளுக்குள் ஈயம் ஊற்றி அடைத்து, மேலே எப்பாக்ஸி வார்க்கிறேன். மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கை ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, மெலிதாக சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் கசியும்.

மூடியதும் வேக்குவம் சோதனை, அதாவது உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டுக் கசிகிறதா என்று பார்ப்பது. கார் மெக்கானிக்குகள் பிரேக் ஆயில் மாற்ற வைத்திருக்கும் கைப்பம்பு போதும். தட்டையான மூடியுள்ள பெட்டிக்கு மீட்டரில் 2 அங்குலப் பாதரச அளவு இழுங்கள். வெயில் உண்டாக்கும் இழுப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். நீருக்குள் மூழ்கும் உருளை வடிவ ரோபோ என்றால் 10 அங்குலம் வரை இழுக்கலாம், முள் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அந்த 10 அங்குலத்தைத் தட்டைப் பெட்டியில் செய்யாதீர்கள். 20க்கு 30 சென்டிமீட்டர் மூடியின் மேல் 200 கிலோ பாரம் ஏறும், மூடி வளைந்து சீல் போய்விடும்.

நீரின் மேலேயே ஓடுகிற படகு என்றால் காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு வைத்த திருகு ஒன்றைப் பெட்டியில் பொருத்திவிடுங்கள். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிவிடும். வேக்குவம் பார்க்கும்போது மட்டும் அதை அடைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையையும் சொல்ல வேண்டும். மேசை மேல் பத்து நாள் திறந்து கிடந்த பை ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்திருக்கும். அதைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். நிறம் மாறும் மணிகளை வாங்கி, மாறியதும் சூடுகாட்டி உலர்த்திப் பயன்படுத்துங்கள். பெட்டியின் கீழ் மூலையில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்ட டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றும் வைப்பேன். ஒரு சொட்டு வந்தாலும் மை பரவிக் காட்டிக்கொடுக்கும்.

மாணவர்களுக்கு இதெல்லாம் கிழவி வேலையாகத் தோன்றுகிறது. அவர்கள் மனசு பூராவும் நிரலில், கேமராவில் இருக்கிறது. மேஃபிளவர் என்ற தானியங்கிக் கப்பல் 2021 ஜூனில் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டுச் சில நாட்களிலேயே திரும்பியது. அதன் செயற்கை அறிவு ஒழுங்காகத்தான் இருந்தது, ஜெனரேட்டரின் புகைக்குழாயில் இருந்த ஓர் உலோக இணைப்பு விரிசல் விட்டுவிட்டது. மறு வருடம்தான் அது கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தது.

காம்பஸை மோட்டார் ஒயருக்குப் பக்கத்தில் வைப்பது

மேசை மேல் காம்பஸ் சரியாக வடக்கைக் காட்டும். தண்ணீரில் மோட்டாரை முடுக்கியதும் படகு கோணலாகப் போகும். நிறைய பேர் நிரலைக் குடைந்துகொண்டிருப்பார்கள். நம் பக்கம் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. 20 ஆம்பியர் ஓடும் ஒற்றை ஒயரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் புலமும் அதே 40தான். இரண்டும் செங்குத்தாகச் சேர்ந்தால் காம்பஸ் 45 டிகிரி பொய் சொல்லும். முடுக்க முடுக்கப் பொய்யும் கூடும்.

பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சடை பின்னுவதுபோல முறுக்கிக் கொண்டுபோங்கள், ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். காம்பஸை ஒன்றரை அடி உயரக் கம்பத்தின் மேல் வையுங்கள். அந்தக் கம்பம் இரும்பாக இருக்கக் கூடாது. அளவு திருத்தத்தை மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை பாருங்கள்.

சிக்னல் போனால் "திரும்பி வா" என்று விட்டுவிடுவது

வண்டியூர் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மைய மண்டபம், மரங்கள். படகு மண்டபத்துக்கு அந்தப் பக்கம் போனதும் ரிமோட் சிக்னல் மறைந்துவிடும். திரும்பி வா என்ற கட்டளை என்ன செய்யும்? புறப்பட்ட இடத்துக்கு நேர்கோடு போடும். அந்தக் கோடு மண்டபத்துக்குள்ளே போகிறது. தைப்பூசத்தன்று தெப்பத்தையே வடம் பிடித்து மண்டபத்தைச் சுற்றித்தான் இழுக்கிறார்கள், படகுக்கு மட்டும் அது தெரியுமா?

நடுவில் தீவோ மண்டபமோ இருந்தால் நின்ற இடத்திலேயே நிலைகொள்ளச் சொல்லுங்கள். இதிலும் கவனம் வேண்டும். படகைத் தானே ஓட்டும் மென்பொருளான ஆர்டுபைலட்டில் "ஹோல்ட்" என்றால் மோட்டார் நின்றுவிடும், காற்று படகை அடித்துக்கொண்டு போகும். "லாய்ட்டர்" என்றால்தான் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

குளத்தில் மிதந்தது கடலிலும் அப்படியே மிதக்கும் என்று நம்புவது

கடல்நீர் நன்னீரைவிட 2.5 விழுக்காடு கனம். மதுரையில் சமநிலை பார்த்த 12 கிலோ மூழ்கு ரோபோ மண்டபம் கடலில் 300 கிராம் எடை குறைந்ததுபோல மேலே வந்து நிற்கும். எடைக்கட்டிகளைக் கூடவே எடுத்துப் போங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டிருந்தால் ஒரு துத்தநாகக் கட்டியையும் சட்டத்தோடு சேர்த்து முடுக்குங்கள். கடலில் அது அரித்துப் போகும், சட்டம் தப்பிக்கும்.

ஆகாயத்தாமரை

அது படர்ந்த கண்மாயில் புரொப்பெல்லர் படகை இறக்காதீர்கள்.

சோலார் தகட்டில் எழுதியிருக்கும் வாட்டை நம்பித் திட்டம் போடுவது

அந்த எண் 25 டிகிரியில் அளந்தது. நம் வெயிலில் தகடு 65 டிகிரிக்குச் சூடாகும். டிகிரிக்கு 0.4 விழுக்காடு வீதம் 16 விழுக்காடு அங்கேயே போய்விடும். பெரிய தகடு தேடுவதைவிட வேகத்தைக் குறையுங்கள். படகின் வேகத்தை இரண்டு மடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும், பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு போதும். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 முதல் 75 பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் ஆதித்யா சோலார் படகும் நிதானமாகப் போகிற படகுதான். ஆழம் அளக்கும் படகுக்கு அவசரம் எதற்கு? மெதுவாகப் போனால் அளவும் சுத்தமாக வரும்.

அனுமதி

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறையிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

கயிறு இல்லாமல் முதல் ஓட்டம்

கூடாது. ஐம்பது மீட்டர் மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு, படகின் பின்பக்கம் கட்டாமல் முன்மூக்கில் கட்டியது. பின்னால் கட்டினால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும்.