கரண்ட் போனாலும் பாட்டு நிற்காமல் இருக்க

மழைக்காலத்தில் ஹட்டன் பக்கம் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். வீட்டிலேயே செய்த ஹெட்போன் அம்ப்ளிஃபயருக்கு 9 வோல்ட் பெட்டரி, சுவர் அடாப்டர் இரண்டையும் கொடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

பலரும் செய்வது, மூன்று கால் உள்ள டிசி ஜாக் (அடாப்டர் வயரைச் செருகும் துளை) போட்டு, அடாப்டர் பின்னைச் செருகியதும் பெட்டரி தானாக விலகும்படி இணைப்பது. நல்ல வழிதான். ஆனால் கரண்ட் போனதும் பின்னைப் பிடுங்கினால்தான் பெட்டரி வேலை செய்யும். இருட்டில் யார் தேடுவது?

எனக்குப் பிடித்தது இரண்டு டயோட் முறை. டயோட் என்பது மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும் பாகம். 1N5817 ஷாட்கி (வோல்ட் குறைவாக வீணாகும் வகை) டயோட் இரண்டு போதும். ஒன்று பெட்டரியின் பிளஸ்ஸிலிருந்து, மற்றது 12 வோல்ட் அடாப்டரின் பிளஸ்ஸிலிருந்து. கோடு போட்ட முனைகள் இரண்டும் சேர்ந்து சர்க்கியூட்டின் பிளஸ்ஸுக்குப் போகட்டும். மைனஸ் எல்லாம் ஒன்றாக. வோல்ட் கூடிய பக்கம்தான் மின்சாரம் தரும். அது நின்றதும் பெட்டரி ஏற்றுக்கொள்ளும், பாட்டு அறுபடாது. பெட்டரிக்குள் சார்ஜும் ஏறாது. சாதாரண 1N4007 போட்டாலும் ஓடும், ஆனால் 0.7 வோல்ட் வீணாகும்.

கெபாசிட்டர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டர் 12 வோல்ட் என்பதால், 10 வோல்ட் என்று எழுதியிருந்தால் 25 வோல்ட் தாங்குவதாக மாற்றுங்கள்.

அப்புறம், ஒரே பெட்டரியின் வோல்ட்டை நடுவில் இரண்டாகப் பிரித்து, அந்த நடுவையே கிரவுண்டாக வைக்கும் சர்க்கியூட்டில் ஹெட்போனின் கிரவுண்டும் பெட்டரி மைனஸும் ஒன்றல்ல. தகர டப்பாவில் பூட்டினால் இரண்டும் டப்பா வழியாக ஒன்றையொன்று தொட்டுவிடலாம், அதனால் டிசி ஜாக் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். நான் இரும்பு ஜாக் போட்டு ஷோர்ட் ஆக்கியவன்.