விண்டோஸ் 11-க்கு மாறிய முதல் பத்து நாள்: செய்யக்கூடாத காரியங்கள்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு வந்தவர்கள் அதிகம் புலம்புவது, திரையின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்ட ஸ்டார்ட் பொத்தானைப் பற்றித்தான். அது நான்கு நாள் சங்கதி, கை தானாகப் பழகிவிடும். சேதம் நடப்பது வேறு இடத்தில். மாறிய சூட்டோடு சூடாகச் சிலர் செய்துவிடும் சில காரியங்களைப் பிறகு எப்படி முயன்றாலும் திருத்த முடியாது. ஆகவே இங்கே திருத்தவே முடியாத தவறுகள் முதலில் வருகின்றன. எரிச்சல் மட்டும் தருபவை கடைசியில்.

பழைய விண்டோஸை அவசரமாக அழிப்பது

அப்கிரேட் முடிந்ததும் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். பல சமயம் 20 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். இடம் போகிறதே என்று ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதையும் சேர்த்து டிக் செய்து அழித்துவிடுகிறார்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் பாதை அந்த ஃபோல்டர்தான். அது இருக்கும்வரை, செட்டிங்ஸ் > சிஸ்டம் > ரெகவரி > கோ பேக் என்று போய் 10 நாளுக்குள் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அழிக்காமல் விட்டாலும், கெடு முடிந்தபின் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

பத்து நாள் போதாது என்று தோன்றினால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு டெர்மினலைத் திறந்து, விண்டோஸுடனேயே வரும் டிஸ்ம் கருவியின் 'செட் ஓஎஸ் அன்இன்ஸ்டால் விண்டோ' கட்டளையால் கெடுவை 60 நாள் வரை நீட்டலாம். பத்து நாள் முடிவதற்குள் செய்தால்தான் பலன். திரும்பிப் போனால் உங்கள் ஃபைல்கள் இருக்கும். மாறியபின் புதிதாகப் போட்ட மென்பொருள்கள் போய்விடும். இடையில் புதிய யூசர் கணக்கு சேர்த்திருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். திரும்பியவர்கள் விண்டோஸ் 10-இன் நீட்டிப்புத் திட்டத்திலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறது.

என்கிரிப்ஷன் சாவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது

எங்கள் பார்வையில் இதுதான் ஆகப் பெரிய தவறு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து (2024-இன் இரண்டாம் பாதிக்கான பதிப்பு), புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் என்கிரிப்ஷன் (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் வசதி) தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். ஹோம் பதிப்பும் விதிவிலக்கல்ல. தினசரி வேலையில் அப்படியொன்று இருப்பதே தெரியாது. பயாஸை (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்பவிடும் செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டாலோ ஒருநாள் நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருக்கும் எதையும் மீட்க வழியில்லை. மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

அந்தச் சாவி, கணினியை முதலில் அமைத்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தார்களோ அதில் சேமிக்கப்படுகிறது. கடையில் கொடுத்து இன்ஸ்டால் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சர்வீஸ் செய்பவர் அவசரத்துக்குத் தன் ஈமெயிலைக் கொடுத்து நுழைந்து, பிறகு உங்கள் பெயரில் ஒரு யூசரை உருவாக்கிக் கொடுத்தால், உங்கள் டிஸ்க்கின் சாவி அவர் கணக்கில்தான் கிடக்கும். அலுவலகக் கணக்கிலோ கல்லூரிக் கணக்கிலோ முதலில் நுழைந்திருந்தாலும் இதே கதைதான்; அங்கிருந்து விலகிய பிறகு சாவியும் எட்டாது.

இன்றே செய்ய வேண்டியது: செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > டிவைஸ் என்கிரிப்ஷன் பகுதியைத் திறந்து, 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைசஸ் பகுதிக்குப் போய் ரெகவரி கீயைப் பார்த்து, காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு ஃபைலாகச் சேமிப்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போல. ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் தெரிந்தால், நீலத்திரை காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு உரியதைக் கண்டுபிடிக்கலாம்.

டெஸ்க்டாப் இடம் மாறியது தெரியாமல் அழிப்பது

அமைக்கும்போது வரும் திரைகளில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் போய்விடக்கூடும். பார்வைக்கு எல்லாம் பழைய இடத்திலேயே இருப்பது போலத் தெரியும். இலவச ஒன்டிரைவ் 5 ஜிபிதான் என்பதால் சீக்கிரமே 'இடம் நிரம்பிவிட்டது' என்று எச்சரிக்கை வரும். உடனே இணையத்தில் ஒன்டிரைவைத் திறந்து, 'காப்பிதானே, அசல் கணினியில் இருக்கிறது' என்று எண்ணிப் படங்களை அழிக்கிறார்கள். சற்று நேரத்தில் கணினியிலும் அவை இருக்காது. இரண்டும் ஒரே ஃபைல்; ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். தனிநபர் கணக்கென்றால் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை தேடலாம்.

முறையாக வெளியேற வேண்டுமானால் வரிசை முக்கியம். முதலில் அந்த ஃபோல்டர்களை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, மேக வடிவக் குறிகள் எல்லாம் பச்சை டிக்காக மாறும்வரை காத்திருங்கள். மேகக்குறி இருந்தால் ஃபைல் உங்கள் கணினியில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது என்று பொருள். அடுத்து, டாஸ்க்பாரில் ஒன்டிரைவ் ஐகான் > செட்டிங்ஸ் > சிங்க் அண்ட் பேக்கப் > மேனேஜ் பேக்கப் போய் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். அதன்பின் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பிலேயே தங்கியிருக்கும். அங்கிருந்து வெட்டி எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டலாம். அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைல், கணக்கு மென்பொருளின் டேட்டா போன்று எப்போதும் திறந்தே இருப்பவற்றை ஒன்டிரைவுக்குள் வைக்காமல் இருப்பதே நல்லது.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை 'இனிஷியலைஸ்' செய்வது

ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு வேலைகளுக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் உள்ள யூஎஸ்பி டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. புதிய விண்டோஸில் டோக்கன் தெரியவில்லை என்றால், அந்த டோக்கனின் சொந்த மென்பொருள் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். அதை நிறுவினாலே போதும். அதை விட்டுவிட்டுக் கருவியின் மெனுவில் இருக்கும் 'இனிஷியலைஸ்' பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் சான்றிதழே அழிந்துவிடும், புதிதாக விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

தமிழ் ஆவணங்கள் குலைந்துவிட்டன என்று நினைத்துத் திருத்தத் தொடங்குவது

பழைய வேர்டு ஃபைலைத் திறந்தால் வரிகள் இடம் மாறியிருக்கும், 40 பக்கம் 43 ஆகியிருக்கும். எழுத்துரு பெட்டியில் 'லதா' என்றே காட்டும். ஆனால் லதா அங்கே இல்லை! விண்டோஸ் 10 காலத்திலிருந்தே லதாவும் விஜயாவும் விருப்பத் தேர்வாகிவிட்டன. புதிதாக இன்ஸ்டால் செய்த கணினியில் நிர்மலா யூஐதான் இருக்கும், வேர்டு சத்தமில்லாமல் அதை மாற்றாக வைத்துவிடும். அகல வேறுபாட்டால்தான் பக்கம் கூடுகிறது. இந்த நிலையில் உட்கார்ந்து பக்கங்களைச் சரிசெய்தால், லதா உள்ள அச்சகக் கணினியில் மறுபடி எல்லாம் குலையும். செட்டிங்ஸ் > சிஸ்டம் > ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் போதும். லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தாலும் அது கூடவே வந்துவிடும். அப்படிச் சேர்க்கும்போது 'விண்டோஸ் டிஸ்ப்ளே லாங்குவேஜ்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் மெனுக்கள் எல்லாம் தமிழுக்கு மாறும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சர்வீஸுக்கு வருபவர் தடுமாறுவார்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களின் சிக்கல் வேறு. அப்கிரேடில் அவை கூடவே வரும், புதிதாக இன்ஸ்டால் செய்தால் வராது. டிரைவை ஃபார்மேட் செய்யாமல் இன்ஸ்டால் செய்திருந்தால், முன்பு சொன்ன விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டருக்குள் விண்டோஸ் > ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் அவை அப்படியே இருக்கும். அதை அழிக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் இது. அங்கிருந்து எடுத்து நிறுவும்போது வெறும் 'இன்ஸ்டால்' கொடுக்காமல், ரைட் கிளிக்கில் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். வெறும் இன்ஸ்டால் அந்த ஒரு யூசருக்கு மட்டும் போடும். பழைய பேஜ்மேக்கர் வகை மென்பொருள்களின் கண்ணில் அது படாமல் போகலாம்.

தட்டச்சில் எழுத்துகள் இரட்டித்தோ உருக்குலைந்தோ வந்தால், என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றும் விண்டோஸின் தமிழ் விசைப்பலகையும் ஒருசேர இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்று போதும். வெளி மென்பொருள் பயன்படுத்தினால் விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்தி விண்டோஸை ஆங்கிலத்தில் நிறுத்துங்கள்.

பழைய சாதனங்கள், பழைய பில்லிங்

டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் இன்னும் ஓடும் கடைகள் உண்டு. அவை 32-பிட் விண்டோஸில் மட்டுமே நேரடியாக இயங்கும். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. மாறுவதற்கு முன் செட்டிங்ஸ் > சிஸ்டம் > அபவுட் பகுதியில் சிஸ்டம் டைப் என்ன என்று பாருங்கள். 32-பிட் என்றிருந்தால் அப்கிரேட் செய்ய முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும்; பில்லிங்கை, பழைய டாஸ் மென்பொருள்களை இயக்கித் தரும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற ஒன்றில் ஓட்டி, பிரின்டரில் ஒரு பில்லாவது அடித்துப் பார்த்த பிறகு பழைய கணினியைக் கைவிடுங்கள்.

நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் திறக்காவிட்டால் மூன்று காரணங்களைத் தேடுங்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' ஆக மாறியிருக்கலாம், 'பிரைவேட்' ஆக்குங்கள். விண்டோஸில் நுழையும் 'பின்' நம்பரை அங்கே கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த நம்பர் அந்தக் கணினிக்கு மட்டும்தான், நெட்வொர்க்குக்குக் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். 24எச்2 புரோ என்றால், பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவே இயல்பில் மூடியிருக்கும். இணையத்தில் அதைத் திறந்துவிடும் குறுக்குவழி கிடைக்கிறது, செய்யாதீர்கள். பகிரும் சாதனத்தில் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் உருவாக்குவது ஐந்து நிமிட வேலை.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கேட்கும் பழைய சிசிடிவி பக்கங்களுக்கு, எட்ஜ் செட்டிங்ஸின் டிஃபால்ட் பிரௌசர் பகுதியில் ஐஇ மோடை (எட்ஜுக்குள்ளேயே பழைய எக்ஸ்ப்ளோரர் போல இயங்கும் முறை) அனுமதிக்கலாம். சேர்க்கும் முகவரி 30 நாளில் காலாவதியாகும். அடுத்த மாதம் கேமரா திடீரென்று தெரியாமல் போனால் அதுதான் காரணம்.

தகுதியில்லாத கணினியில் திணித்துவிட்டு மறந்துபோவது

விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் 2.0 இல்லை என்று சொன்னதும் கணினியைக் கழிக்க வேண்டியதில்லை. பல கணினிகளில் அது பயாஸில் அணைந்துதான் கிடக்கும்: இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். ஆனால் செக்யூர் பூட்டுக்காக பயாஸில் பழைய பூட் முறையான லெகசியைப் புதிய முறையான யூஇஎஃப்ஐ என்று மட்டும் மாற்றினால், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும்வரை விண்டோஸ் எழும்பாது. அப்படி ஆனால் பயாஸை மறுபடி லெகசிக்கு மாற்றுங்கள், பழையபடி எழும்பும். பேக்கப் எடுத்துவிட்டு, டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸுடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியில் முதலில் வேலிடேட், அது தேறினால் கன்வெர்ட், அதன்பிறகே யூஇஎஃப்ஐ என்ற வரிசையில் போங்கள்.

பிராசசரே மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இல்லாத கணினியில் சோதனையைத் தாண்டி இன்ஸ்டால் செய்து தருவது வழக்கமாகிவிட்டது. நன்றாகவே ஓடும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் அதற்குத் தானாக வராது. ஹோம், புரோ பதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 24 மாதம்தான்; 23எச்2 2025 நவம்பர் 11-லேயே முடிந்துவிட்டது. அபவுட் பக்கத்தில் வெர்ஷன் 23எச்2 என்றிருந்தால், பெயருக்கு விண்டோஸ் 11 என்றாலும் பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை.

சின்னச் சின்ன எரிச்சல்கள்

முதல் ஓரிரு நாள் மந்தமாக இருப்பது இயல்பு. தேடல் அட்டவணையும் டிரைவர் அப்டேட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் 'கிளீனர்', 'டிரைவர் அப்டேட்டர்' என்று எதையாவது போட்டு, தானாகச் சரியாகவிருந்ததைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் மந்தம் என்றால், ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான் மருந்து. விண்டோஸ் 10 லைசென்ஸ் தானாகவே 11-க்குச் செல்லும், மலிவு விலை கீ எதுவும் வாங்க வேண்டாம்.

ஸ்டார்ட் பொத்தான் இடப்பக்கம் வேண்டுமென்றால் டாஸ்க்பார் செட்டிங்ஸில் அலைன்மென்ட்டை லெஃப்ட் ஆக்குங்கள். திறந்த ஃபைல்கள் ஒரே ஐகானுக்குள் சுருள்வது பிடிக்காவிட்டால், அதே பக்கத்தில் கம்பைன் என்பதை 'நெவர்' ஆக்குங்கள். பழைய ரைட் கிளிக் மெனுவுக்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் போதும். அதற்காக ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டியதில்லை.