“பக்கத்து வட்டைக்குள்ளதான் விழுந்தது”: பெரிய எரிகல்லைக் கண்டவர்கள் விடும் பிழைகள்

வெள்ளிக் கோளை விடப் பிரகாசமாக ஒரு எரிகல் ஓடி அணைந்தால், மட்டக்களப்புக்கு வடக்கே வாகரையில் பார்த்தவரும் வெகுதெற்கே பொத்துவிலில் பார்த்தவரும் ஒன்றையே சொல்வார்கள்: பக்கத்து வட்டைக்குள், அதாவது வயலுக்குள், விழுந்தது. முதற்பிழை இதுதான். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நின்று பார்க்கிறீர்கள், கடல்விளிம்புக்கு, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு மேலே அது அணைகிறது என்று வையுங்கள். அணைந்தது 80 கிலோமீற்றர் உயரத்தில் என்றால், அதற்கு நேர்கீழே உள்ள கடல் உங்களுக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கிழக்கே. தரைவரை வரும் கல்லும் பொதுவாக 20, 30 கிலோமீற்றர் உயரத்திலேயே ஒளியிழந்து, மிச்சத் தூரத்தை இருட்டில்தான் விழும். வெளிச்சம் தென்னைக்குப் பின்னால் இறங்கியதென்று மோட்டார்சைக்கிளில் தேடிப் போனால் பெற்றோல்தான் கரையும். யானை வரும் வட்டையென்றால் சொல்லவே வேண்டாம்.

மூன்று செக்கனில் முடிகிற காட்சிக்கு ஃபோனைத் தேடாதீர்கள். கண்ணை எடுக்காமல் பாருங்கள். முடிந்ததும் நின்ற இடத்தில் காலால் ஒரு கோடு கீறி, தொடங்கிய இடமும் அணைந்த இடமும் எந்த மரத்துக்கு, எந்தக் கூரை முகட்டுக்கு நேரே என்று பிடித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி, அடிவானத்திலிருந்து முஷ்டிகளை அடுக்கி எண்ணுங்கள். ஒரு முஷ்டி 10 பாகை. திசையை விடிந்தபின் அதே கோட்டில் நின்று எடுக்கலாம்; இரும்புக் கேற்றுக்குப் பக்கத்தில் ஃபோன் திசைகாட்டி பிழை காட்டும்.

ஆட்களைக் கூப்பிட உள்ளே ஓடுவதும் பிழை. ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் நில்லுங்கள். ஒலி நிமிடத்துக்கு 20 கிலோமீற்றர் அளவே நகரும். மூன்று நிமிடம் கழித்து முழக்கம் கேட்டால், அது 60 கிலோமீற்றர் தொலைவிலிருந்து வந்தது.

எரிந்த நேரத்தை எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். காட்சியை மனதில் ஓடவிட்டு ஃபோனில் அளந்து பாருங்கள். உண்மையிலேயே அரை நிமிடத்துக்கு மேல், துண்டு துண்டாக மெதுவாய் ஊர்ந்ததென்றால் பெரும்பாலும் அது செய்மதிக் கழிவு.

கடைத்தெருச் சி.சி.ரி.வி. பதிவை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், பழையதன்மேல் புதியது பதிந்துவிடும். கமராவின் மணிக்கூடு எத்தனை செக்கன் முந்துகிறது, பிந்துகிறது என்பதையும் குறியுங்கள்.

பிறகு, விழுந்தது இதுதானென்று ஆட்கள் கல்லைக் கொண்டு வருவார்கள். உள்ளே குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் பெரும்பாலும் உலைக் கசடு. புதிதாய் விழுந்த விண்கல்லில் மில்லிமீற்றருக்கும் மெல்லிய கருந்தோல் இருக்கும். சந்தேகமான கல்லைக் கழுவவோ உடைக்கவோ வேண்டாம். வலுவான காந்தத்தை ஒட்டியும் பார்க்காதீர்கள்: கல்லுக்குள் இருக்கும் பழைய காந்தப் பதிவு அதோடு அழிந்துவிடும்.