மாடி அறை விருந்தினருக்கு வைஃபை கொடுப்பது எப்படி?

புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையை வார இறுதிகளில் வாடகைக்கு விடுகிறோம். ஒரு சனிக்கிழமை இரவு அம்மா கீழே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமியாரின் அழுகை பாதியில் நின்று டிவியில் டைனோசர் ஒன்று ஓடத் தொடங்கியது. அம்மா ரிமோட்டை எவ்வளவு அமுக்கியும் அது மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தது. மாடியில் தங்கியிருந்த சிறுவன் தன் அப்பாவின் செல்போனிலிருந்து யூடியூபை டிவிக்கு அனுப்பியிருக்கிறான். பட்டியலில் அவனுக்குத் தெரிந்தது எங்கள் டிவிதான்; பாவம், அவன் என்ன செய்வான்?

வீட்டுக் கடவுச்சொல்லையே அவர்களுக்கும் கொடுத்திருந்த நான்தான் காரணம். டிவி எட்டும் தூரத்தில் இருந்தால் சிசிடிவி ரெக்கார்டரும் பிரிண்டரும்கூட எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அன்றிரவு செய்த மாற்றங்களை வரிசையாகச் சொல்கிறேன். செல்போன் இருந்தால் போதும், கணினி தேவையில்லை.

1. பெட்டிக்குள் நுழையுங்கள்

வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரியும், பயனர் பெயரும், கடவுச்சொல்லும் இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் நுழைவுப் பக்கம் திறக்கும். உள்ளே போனதும் இந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. முன்னது கைக்குக் கிடைத்தவர் பின்னதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்.

அங்கேயே டபிள்யூபிஎஸ் (WPS) என்று ஒரு வசதி, அதாவது வைஃபை கடவுச்சொல் இல்லாமலே ஒரு பொத்தானாலோ எண்ணாலோ இணைய விடுவது, இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணைக் கண்டுபிடிக்கப் பத்துக் கோடி முயற்சிகள் வேண்டியதில்லை, அதிகம் போனால் 11,000 போதும் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது.

2. விருந்தினருக்குத் தனி நெட்வொர்க்

வைஃபை அமைப்புகளில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற பிரிவைத் தேடி இயக்குங்கள். பெயராக உங்கள் பெயரையோ கதவு எண்ணையோ வைக்காதீர்கள். 'மாடி' என்பதே போதும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும்.

அதன் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கலாம். விருந்தினர் வீட்டு நெட்வொர்க்கைத் தொட அனுமதி கேட்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். விருந்தினர் ஒருவரையொருவர் பார்க்க அனுமதி கேட்பது இன்னொன்று. பல அறைகளை விடுபவர்கள் இதையும் எடுத்துவிட வேண்டும். எங்களிடம் ஒரே அறைதான், அதில் ஒரு சின்ன டிவியும் இருக்கிறது. அந்த டிவியை 'மாடி'யில் சேர்த்து இந்த டிக்கை விட்டுவைத்தேன். டைனோசர் இப்போது அங்கே ஓடுகிறது.

3. சோதித்துப் பாருங்கள்

இதைப் பலரும் செய்வதில்லை. இணைய நிறுவனம் தந்த சில பெட்டிகளில் இரண்டாவது பெயர் ஒன்றை உருவாக்க முடியும், ஆனால் உள்ளே இரண்டும் ஒன்றுதான்: வாசல் இரண்டு, கூடம் ஒன்று. ரவுட்டரின் 'இணைந்துள்ள சாதனங்கள்' பட்டியலில் சிசிடிவி ரெக்கார்டர் அல்லது பிரிண்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு வைஃபையில் இருந்து அதைப் பிரவுசரில் அடித்து, பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு செல்போனை 'மாடி'க்கு மாற்றி அதே எண்ணை அடியுங்கள். இப்போது திறக்கக் கூடாது. திறந்தால் பிரிப்பு நடக்கவில்லை.

4. பிரிக்க முடியாத பெட்டியாக இருந்தால்

இன்னொரு ரவுட்டர் வாங்குங்கள். ஆனால் வாங்கியவர்களில் பலர் அதை விருந்தினருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தலைகீழ்! பழைய பெட்டிக்குப் பின்னால் மாட்டிய ரவுட்டரில் இருப்பவர் முன்னால் இருக்கும் பெட்டியின் சாதனங்களைத் தொட முடியும். முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பதைத் தொட முடியாது. எனவே பழைய பெட்டியின் வைஃபை விருந்தினருக்கு, புதியது குடும்பத்துக்கு. பழைய பெட்டியிலிருந்து வரும் கேபிளைப் புதியதில் 'வான்' (WAN) என்று குறித்திருக்கும், இணையம் உள்ளே வரும் துளையில் செருகுங்கள். மற்றத் துளைகளில் செருகினால் இந்தப் பிரிப்பு கிடைக்காது. பிறகு டிவி, கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுங்கள்.

5. பெட்டி எங்கே இருக்க வேண்டும்?

விருந்தினர் அறையில் வேண்டாம். பின்புறத் துளையில் ஒரு ஊசியைச் சில விநாடிகள் அழுத்தினால் பெட்டி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்; நீங்கள் செய்ததெல்லாம் போய்விடும். அறைக்குப் படம் எடுக்கும்போதும் கவனியுங்கள். விளம்பரப் படத்தில் ரவுட்டர் சீட்டு பளிச்சென்று படிக்கும்படி இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

6. கடவுச்சொல்லும் பதிவேடும்

குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும். நான் சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் செல்போன் எண் வேண்டவே வேண்டாம். கியூஆர் கோடாக அச்சிட்டு அறைக்குள் ஒட்டலாம், கேட்டில் அல்ல.

இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்குப் போன மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரின் பாதுகாப்பில்லாத வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். அதனால் தங்கியவர் பெயர், அடையாள அட்டை விவரம், வந்த தேதி, போன தேதி இவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்கிறேன். அவர்கள் எந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்று துருவுவதில்லை. அது நம் வேலை அல்ல. வீட்டு இணைப்பை வாடகை அறைக்குப் பகிர உங்கள் திட்டத்தின் விதிகள் அனுமதிக்கின்றனவா என்றும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அறை காலியானதும் படுக்கை விரிப்பை மாற்றுவோமே, அப்போதே 'மாடி'யின் கடவுச்சொல்லையும் மாற்றிப் புதிய கியூஆர் கோடை ஒட்டிவிடுகிறேன். விரிப்பு அம்மாவின் பொறுப்பு, கோடு என்னுடையது.